ரேஸ் கிளப்பின் என்ட்ரி பதிவை ஆன்லைனுக்கு மாற்றுவது எப்படி?

எங்கள் கிளப்பில் என்ட்ரி பதிவைப் பார்த்துக்கொள்கிறவள் நான். சம்பளம் கிடையாது, எங்கள் கிளப்பில் யாருக்குமே கிடையாது. டைம்கீப்பர், கொடி மார்ஷல், பொருளாளர் எல்லோரும் வாரநாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு, ரேஸ் அன்று விடிவதற்கு முன்னால் டிராக்கில் வந்து நிற்கிறவர்கள். இப்படிப்பட்ட ஒரு கிளப், காகிதப் படிவமும் வாட்ஸ்அப் செய்தியும் கையில் கொடுக்கும் ரொக்கமுமாக நடந்துவந்த பதிவை ஆன்லைனுக்கு மாற்ற நினைத்தால் எங்கே தொடங்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் ரேஸை வைத்துச் சொல்கிறேன். பைக், கார்ட்டிங் கிளப்புகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எந்தத் தளம், எந்த மென்பொருள் என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். இதுவரை பதிவு வேலையைப் பார்த்தவர் யாரோ, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஓரத்தில் எழுதியவை

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த அக்காவிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் பெயர், கார் நம்பர், கிளாஸ் (கார் எந்தப் பிரிவில் ஓடுகிறது என்பது), பணம் என்று நான்கு கட்டம். எங்கள் படிவம் கேட்டதும் அந்த நான்கைத்தான். மற்றதெல்லாம் ஓரத்தில், பென்சிலில் இருந்தது. 'அண்ணன் தம்பி, ஒரே கார்.' 'டிரான்ஸ்பாண்டர் வாடகை.' (சுற்று நேரத்தைப் பதியக் காரில் பொருத்தும் கருவி அது.) 'ஹெல்மெட் பழசு, பார்க்கணும்.' 'பாதி பணம், மீதி காலையில்.' 'வயசு பதினேழு, அப்பா கையெழுத்து.' நான் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க, ஏன் எழுதினோம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ஆன்லைன் படிவம் உருவானது அந்த உரையாடலில்தான்.

ஒவ்வொரு ஓரக் குறிப்பையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள். படிவத்தில் கேள்வியாகலாம், கிளப் விதியாகலாம், இல்லையென்றால் கைவிடலாம். 'டிரான்ஸ்பாண்டர் வாடகை' கேள்வி. 'பாதி பணம்' விதி: இனி முழுப் பணம் கட்டினால்தான் பதிவு, விலக்கு கிடையாது. இதைக் கமிட்டி கூடித் தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். இத்தனை நாள் ஒருவர் முகம் பார்த்து முடிவு செய்ததைத் தளம் செய்யாது. கமிட்டி தீர்மானிக்காமல் விட்டதையெல்லாம் படிவம் தானாகத் தீர்மானித்துவிடும், பெரும்பாலும் தப்பாக.

அப்புறம், படிவத்தில் சேர்க்கும் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். ரேஸ் அன்று காலை அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யப்போவது யார்? அவசரத் தொடர்பு எண் மருத்துவக் குழுவுக்கு. டிரான்ஸ்பாண்டர் எண் டைம்கீப்பருக்கு. காரின் நிறம் கொடி மார்ஷலுக்கும் கமென்டேட்டருக்கும். 'கிளப்பைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்' என்ற கேள்விக்கு எதிரே யாரும் இல்லை, எடுத்துவிட்டோம். படிவத்தைப் பெரும்பாலானோர் கைபேசியில்தான் நிரப்புகிறார்கள். அதில் நீளமாக உருட்ட வேண்டியிருந்தால் பாதியில் விட்டுவிட்டு உங்களுக்கு வாட்ஸ்அப்பில் 'என் பேரைப் போட்டுடுங்க' என்று அனுப்புவார்கள்.

நம்பர், கிளாஸ், டிரான்ஸ்பாண்டர்

ரேஸ் கிளப்பின் பதிவு, ஒரு கருத்தரங்கின் பதிவிலிருந்து வேறுபடுவது இந்த மூன்றில்தான். இங்கே நிதானமாக நேரம் செலவிடுங்கள்.

கார் நம்பர் மேல் டிரைவர்களுக்கு இருக்கும் பாசத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கதவில் பெயின்ட் அடித்திருப்பார்கள், ஹெல்மெட்டில் எழுதியிருப்பார்கள். முதலில் வந்தவருக்கு என்று படிவத்தைத் திறந்துவிட்டால், பல வருடம் 27-இல் ஓடியவர் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் புதிதாகச் சேர்ந்தவர் 27-ஐ எடுத்துவிடுவார். ஃபார்முலா ஒன்னில் 2014 முதல் டிரைவர்கள் தங்களுக்கென்று நிரந்தர நம்பரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் தொடர்ந்து இரண்டு முழு சீசன் ஓடாவிட்டால் அந்த நம்பர் மற்றவர்களுக்குத் திறக்கும். அங்கே ஓடிய டிரைவர் ஜூல் பியாங்கியின் மறைவுக்குப் பிறகு, அவருடைய நம்பரான 17-ஐ யாருக்கும் கொடுப்பதில்லை. கிளப்புக்கும் இதே மாதிரி ஒரு விதி வேண்டும்: யாருக்கு எந்த நம்பர் ஒதுக்கீடு, எவ்வளவு காலம் வராவிட்டால் அது விடுபடும். பதிவைத் திறப்பதற்கு முன்பே ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தளத்தில் ஏற்றிவிடுங்கள். இலவசப் படிவக் கருவிகள் பலவற்றில் 'இந்த நம்பர் ஏற்கெனவே எடுக்கப்பட்டது' என்று தானாகத் தடுக்கும் வசதி இருக்காது. கூகுள் ஃபார்ம்ஸில் அது இல்லை. தனியாக ஏதாவது இணைக்க வேண்டும்.

7, 07, 007 மூன்றும் வெவ்வேறு நம்பரா, ஒரே நம்பரா? எங்கள் டைம்கீப்பர் ஒன்றுதான் என்றார். நேரம் குறிக்கும் கோபுரத்திலிருந்து பார்க்கும்போது முன்னால் இருக்கும் பூஜ்யம் கண்ணில் படுவதில்லை என்பது அவர் வாதம். அவர் சொன்னதையே விதியாக்கினோம். ஒரே காரை இருவர் ஓட்டினால் ஒருவருக்கு 27, இன்னொருவருக்கு முன்னால் ஒன்று சேர்த்து 127. மார்ஷல்களுக்கும் இது எளிதாக நினைவில் நிற்கிறது.

டிரான்ஸ்பாண்டர் விஷயத்தில் நேரப்பதிவு எப்படி நடக்கிறது என்பதைப் பதிவு மேசையில் இருப்பவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓடுதளத்தில் புதைத்த கம்பி வளையத்தின் மேல் கார் கடக்கும்போது, அதில் பொருத்திய கருவி தன் எண்ணை அனுப்பும். மென்பொருள் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள பெயரின் கணக்கில் சுற்றைச் சேர்க்கும். படிவத்தில் ஒரு இலக்கம் மாறியிருந்தால் கார் ஓடும், சுற்று பதிவாகும், பெயர் மட்டும் வராது. அதனால் 'டிரான்ஸ்பாண்டர் எண்' என்று வெறும் பெட்டி வைக்காமல் முதலில் 'சொந்தமா, வாடகையா' என்று கேளுங்கள். சொந்தம் என்றால் மட்டும் எண் கேட்கும் பெட்டி திறக்கட்டும். 'கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதவும், நினைவிலிருந்து வேண்டாம்' என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரே எண் இரண்டு பெயர்களுக்கு எதிரே வந்தால் அவர்கள் ஒரே காரைப் பகிர்கிறவர்கள், அல்லது ஒருவர் தவறாக எழுதியிருக்கிறார். முதல் வகையினரை ஒரே குரூப்பில், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் கூட்டத்தில், போட முடியாது. நோட்டில் இருந்த 'அண்ணன் தம்பி, ஒரே கார்' குறிப்பின் வேலையை இப்போது இந்தச் சோதனைதான் செய்கிறது.

கிளாஸைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் பக்கத்தில் ஒரே வரியில் விளக்கம் இருக்கட்டும். எந்த கிளாஸ் என்று தெரியாத புதியவருக்காக 'தெரியவில்லை, கூப்பிட்டுச் சொல்லுங்கள்' என்றும் ஒரு தேர்வு வையுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத் தைரியமாகப் பதிவு செய்கிற புதியவர்கள் வருகிறார்கள்.

ஹெல்மெட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்நெல் அமைப்பின் சான்றில் எஸ்ஏ என்று தொடங்குவது கார் ரேஸுக்கானது, தீத் தாங்கும் சோதனையும் அதில் உண்டு. எம் என்று தொடங்குவது மோட்டார் சைக்கிளுக்கானது. எஸ்ஏ2015, எஸ்ஏ2020 என்று வருடமும் சேர்ந்திருக்கும். உங்கள் விதிப்புத்தகம் ஏற்கும் சான்றுகளை மட்டும் பட்டியலில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். 'சான்று ஸ்டிக்கர் ஹெல்மெட்டின் உள்ளே, துணிப்பட்டைக்கு அடியில் இருக்கும், தூக்கிப் பாருங்கள்' என்றும் எழுதுங்கள். ரேஸுக்கு முன் காரையும் ஹெல்மெட்டையும் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி வரிசையில் நின்று, முழுப் பணமும் கட்டி, ஹெல்மெட்டுக்காகத் திரும்பிப் போகும் ஒருவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும்.

எந்தத் தளம்?

இத்தனையும் எழுதி முடித்த பிறகு தளத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். சின்ன கிளப்புக்கு ஒரு படிவம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட், ஒரு பேமென்ட் இணைப்பு போதும். ஆனால் பணம் கட்டியவரையும் படிவம் நிரப்பியவரையும் ஒருவர் உட்கார்ந்து பொருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார்ஸ்போர்ட்ரெக் போல ரேஸுக்கென்றே உருவான தளங்களில் டிரைவரின் விவரமும் காரின் விவரமும் சேமிக்கப்படும், அடுத்த ரேஸுக்கு மறுபடி எல்லாவற்றையும் நிரப்ப வேண்டாம். கிளாஸ் வாரியாக இட வரம்பு, வெயிட்டிங் லிஸ்ட், ரீஃபண்ட் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். தரவு முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் ஒரு ஃபைலாக இறக்கிக்கொள்ள முடியாத தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

கணக்கை யார் பெயரில் தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம். தன்னார்வலர்கள் வருவார்கள், போவார்கள். ஊர் மாறுவார்கள், குழந்தை பிறக்கும், வேலை கூடும். கிளப்பின் பெயரில் ஒரு மெயில் முகவரி, கிளப்பின் வங்கிக் கணக்கு, குறைந்தது இரண்டு பேரிடம் நிர்வாக அனுமதி. உள்நுழையும்போது குறியீடு கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு ஒருவருடைய கைபேசிக்கு மட்டும் போகிறது என்றால், அதற்கான மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுப் பொருளாளரிடம் கொடுத்து வையுங்கள்.

பணம்

பொருளாளரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் கட்டிய பணம் உடனே வங்கிக்கு வராது. சில நாள் கழித்து, பலருடைய பணம் ஒன்றாகச் சேர்ந்து, கமிஷன் கழித்து வரும். வங்கிக் கணக்கில் வந்த தொகையைப் பதிவுப் பட்டியலோடு நேராக ஒப்பிட முடியாது. பேமென்ட் நிறுவனத்தின் பட்டுவாடா அறிக்கையை எடுத்து நடுவில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். இதைப் பொருளாளருக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால் அவருடைய தூக்கம் கெடாது.

கமிஷனைக் கிளப் ஏற்கிறதா, கட்டணத்தில் சேர்க்கிறதா? சேர்த்துவிடுவதுதான் நேர்மை என்பது என் கருத்து. கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் தொகையை யாரும் விரும்புவதில்லை. முதலிலேயே ஒரே தொகையாகச் சொல்லுங்கள். ரீஃபண்ட் செய்தாலும் பல பேமென்ட் நிறுவனங்கள் தங்கள் கமிஷனைத் திருப்பித் தருவதில்லை, அதனால் ரீஃபண்ட் விதியில் அந்தத் தொகையை யார் ஏற்பது என்றும் எழுதுங்கள். எந்தத் தேதி வரை முழுப் பணம், எந்தத் தேதிக்குப் பிறகு இல்லை, ரேஸ் ரத்தானால் என்ன, ஸ்க்ரூட்டினியில் கார் தேறாவிட்டால் என்ன என்ற நான்குக்கும் பதில் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே இருக்க வேண்டும். வங்கி அறிக்கையில் கிளப்பின் பெயர் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அடையாளம் தெரியாத பெயரைப் பார்த்தால், 'இது நான் செய்த செலவு இல்லை' என்று சிலர் வங்கியில் புகார் கொடுத்துவிடுவார்கள்.

கார்டு எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் படிவத்தில் கேட்கக் கூடாது. அந்த வேலையைப் பேமென்ட் நிறுவனத்தின் பக்கத்துக்கே விட்டுவிடுங்கள்.

விபத்து நடந்தால் கிளப்பைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று டிரைவர் எழுதித் தரும் இன்டெம்னிட்டி படிவத்தை ஆன்லைனில் டிக் செய்தால் போதுமா என்பதை உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் அனுமதி தரும் அமைப்பிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வரும்வரை வாசலில் பேனாவும் காகிதமும் இருக்கட்டும். வயது வராதவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து எப்படி என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

மார்ஷல்களிடம் தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர்களுக்குத் திறப்பதற்கு முன்னால், ஒரு ரேஸ் முழுவதும் தன்னார்வலர்களுக்கு மட்டும் ஆன்லைன் பதிவைத் திறங்கள்.

அதில் பணம் இல்லை, போட்டியும் இல்லை. டிராக் ஓரத்தில் எந்த போஸ்டில் (மார்ஷல்கள் நிற்கும் இடத்தில்) நிற்கிறீர்கள், இரண்டு நாளுமா ஒரு நாளா, முதலுதவிப் பயிற்சி உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் கேள்விகள். படிவம் கைபேசியில் எப்படித் தெரிகிறது, உறுதி மெயில் ஸ்பாமில் போய் விழுகிறதா, ஃபைலை இறக்கினால் பட்டியல் ஒழுங்காக வருகிறதா என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். தப்பு நடந்தாலும் நம் ஆட்கள், பொறுத்துக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. எத்தனை கொடி மார்ஷல்கள் வருகிறார்கள் என்பது ரேஸுக்குப் பல நாள் முன்பே கைக்கு வரும். போஸ்டுகளில் ஆள் இல்லாமல் ரேஸ் நடத்த முடியாது. எத்தனை டிரைவர்கள் வந்தாலும் ஆள் இல்லாத ஒரே ஒரு திருப்பம் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பதிவு என்றாலே டிரைவர் பதிவு என்று நினைத்து, இந்தப் பட்டியலை முந்தின நாள் ராத்திரி போன் செய்து நிரப்பும் கிளப்புகள் ஏராளம்.

இன்னொரு பலன்: முந்தைய ரேஸில் மார்ஷலாக நின்றவர்களுக்கு அடுத்த ரேஸில் ஒரு நாள் முன்னதாகப் பதிவு திறக்கலாம். பட்டியல் தளத்திலேயே இருப்பதால் இதற்குத் தனி வேலை இல்லை. வெயிலில் நாள் முழுக்கக் கொடியோடு நின்றவருக்கு கிளப் காட்டும் மரியாதை அது.

திறக்கும் நாள்

நாளையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்பே அறிவியுங்கள். நள்ளிரவு 12 மணி என்று வைக்காதீர்கள். பணம் போய்ப் பதிவாகாமல் நின்றால் பதில் சொல்ல ஒருவர் விழித்திருக்க வேண்டும். நாங்கள் வாரநாள் மாலையில் வைக்கிறோம், அன்று இரண்டு பேர் கைபேசியோடு உட்காருகிறோம்.

உறுதி மெயிலின் வாசகத்தை நீங்களே எழுதுங்கள், தளம் கொடுப்பதை அப்படியே விடாதீர்கள். எங்களுடையது இப்படி இருக்கும்: 'உங்கள் பதிவு வந்தது, பணமும் வந்தது. கார் நம்பர் 27, கிளாஸ் பி, டிரான்ஸ்பாண்டர் வாடகை. இதில் ஏதாவது தப்பு இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள். இது இறுதிப் பட்டியல் இல்லை. பதிவு முடிந்த மறுநாள் குரூப், நேரம் எல்லாவற்றோடும் இன்னொரு மெயில் வரும்.' பதிவு வந்ததும் இடம் உறுதியானதும் ஒன்றல்ல. அதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் நாள் முழுக்க போன் அடிக்கும்.

ஆன்லைன் பழகாத மூத்த டிரைவர்கள் சிலர் எல்லா கிளப்பிலும் இருப்பார்கள். அவர்களை விட்டுவிடக் கூடாது, அவர்களுக்காகக் காகிதப் பதிவைத் தனியாக ஓட்டவும் கூடாது. ஒரு தன்னார்வலர் போனில் கேட்டுக் கேட்டு அதே ஆன்லைன் படிவத்தில் நிரப்பட்டும். பட்டியல் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். 'நான் அவர்கிட்ட சொல்லிட்டேனே' என்ற வாக்கியம் வரும்போதெல்லாம், அன்போடு, அந்த இணைப்பையே அனுப்புங்கள்.

எக்செல்

பட்டியலை டைம்கீப்பருக்குக் கொடுக்கும் இடத்தில் எக்செல் சில வேலைகள் செய்யும். தளத்திலிருந்து இறக்கிய சிஎஸ்வி ஃபைலை (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமித்த ஃபைல்) இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எண்களுக்கு முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் போய்விடும். '2-3' என்று ஒரு கிளாஸ் இருந்தால் அது தேதியாகிவிடும். '3E1' என்று இருந்தால் 30 என்று கணக்குப் போட்டு வைக்கும். 15 இலக்கத்தைத் தாண்டிய எண்களில் மீதி இலக்கங்கள் பூஜ்யமாகும். தமிழில் எழுதிய பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரியலாம். இது நம் ஒருவருக்கு மட்டும் வரும் தலைவலி இல்லை. மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர் எக்செலில் தேதியாக மாறிக்கொண்டே இருந்ததால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள்.

ஃபைலை நேராகத் திறக்காமல், தரவு இறக்குமதி வசதி வழியாக, தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிய யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, எல்லாப் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' என்று குறித்து உள்ளே கொண்டுவாருங்கள். அதைவிட நல்லது, டைமிங் மென்பொருளுக்குத் தளத்திலிருந்து இறக்கிய ஃபைலை எக்செலில் தொடாமல் அப்படியே கொடுப்பது. பதிவு முடியும் தேதிக்கும் ரேஸுக்கும் நடுவில் டைம்கீப்பருக்குச் சில நாட்களாவது விடுங்கள், எத்தனை நாள் என்பதை அவரே சொல்லட்டும்.

ரேஸ் அன்று காலை

டிராக்குகள் ஊருக்கு வெளியே இருக்கும், சிக்னல் நம்ப முடியாது. எனவே முந்தின நாள் அச்சிடுங்கள். வாசலுக்குப் பெயர் அகரவரிசையில், ஸ்க்ரூட்டினிக்கும் டைமிங்குக்கும் கார் நம்பர் வரிசையில், கார்களைத் தொடக்க வரிசையில் நிறுத்தும் கிரிட் மார்ஷலுக்குக் குரூப் வாரியாக. ஒரே பட்டியல்தான், மூன்று வரிசை. ஒவ்வொரு தாளின் மேலும் அச்சிட்ட தேதியும் நேரமும் இருக்கட்டும். இரண்டு பேர் இரண்டு பழைய தாளை வைத்துக்கொண்டு வாதாடுவதை அந்த ஒரு வரி தடுக்கும்.

இரத்த வகை, ஒவ்வாமை, அவசரத் தொடர்பு இவை மருத்துவக் குழுவுக்கு மட்டும் தனி உறையில். கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் முழுப் பட்டியலைப் பகிரும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஒருவர் தன் உடல்நிலையை நம்மிடம் நம்பிச் சொல்லியிருக்கிறார்.

காலையில் நேராக வந்து பதிவு செய்கிறவர்களை ஏற்பதாக இருந்தால், ஆன்லைன் படிவத்தில் உள்ள அதே வரிசையில் சில காகிதப் பிரதிகள் வைத்திருங்கள். அவற்றை ஒரே ஒருவர்தான் பட்டியலில் ஏற்ற வேண்டும். சேர்த்ததும் எல்லாத் தாள்களிலும் கையால் எழுதச் சொல்லி ஒரு ஆளை அனுப்புங்கள்.

முடிந்த பிறகு

அந்த வாரத்துக்குள் மருத்துவ உறையைக் கிழித்துப் போடுங்கள், தளத்திலும் அந்த விவரங்களை அழியுங்கள். காப்பீட்டுக்காக வைத்திருக்க வேண்டிய இன்டெம்னிட்டி படிவங்கள் வேறு, அவற்றைக் காப்பீட்டு நிறுவனம் சொல்லும் காலம் வரை பத்திரமாக வையுங்கள். ஸ்க்ரூட்டினி, டைமிங், வாசல் மூன்று இடத்திலும் இருந்த தாள்களை வாங்கி, பேனாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இப்போதும் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அடுத்த படிவத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது அங்கே இருக்கும்.

அடுத்த ரேஸுக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம், இதையே நகலெடுத்தால் போதும். நகலெடுக்கும்போது நாம் பெரும்பாலும் ரேஸ் தேதியை மட்டும் மாற்றுவோம். பதிவு திறக்கும் நேரம், முடியும் நேரம், தாமதக் கட்டணம் தொடங்கும் தேதி, ரீஃபண்ட் கடைசித் தேதி எல்லாம் பழையதாகவே இருக்கும். இணைப்பை அனுப்புவதற்கு முன் இந்த நான்கையும் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.